மின்கலத்தின் இருப்பறிதல்

ஒரு கொள்கலத்தில் எவ்வளவு பொருள் உளது என்று அறியக் கண் ஒன்றே போதும் என்று எண்ணுவது இயல்பு. குடத்து நீரைக் குனிந்து நோக்கினால் தெரியும்; எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மூடிய குதிரில் கிடக்கும் நெல்லையோ கண்ணால் காண இயலாது. ஆயினும், குதிரின் புறத்தே விரலால் தட்டி, ஒலி மாறும் இடத்தைக் கொண்டு நெல்லின் மட்டத்தைக் கூறுவர் பழகியோர். கணக்குப்பிள்ளைக்குத் தட்டும் வேலையும் இல்லை. கொட்டியது எத்தனை மரக்கால், அளந்து எடுத்தது எத்தனை மரக்கால் என்னும் ஏட்டைப் பார்த்து அவர் இருப்பைச் சொல்லிவிடுவார். எனவே இருப்பறிதற்குக் காண்டல், தட்டிக் கருதல், கணக்கிடல் என மூன்று வழிகள் உள்ளன.

சூரிய ஒளியால் பெற்ற மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் வீட்டு மின்கலத்திற்கு, அதாவது மக்கள் வழக்கில் ‘பேட்டரி’ எனப்படும் பெட்டிக்கு, இவற்றுள் முதல் வழி அறவே பயன்படாது. அப்பெட்டியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே நிறைந்ததும் குறைந்ததும் ஒன்றுபோலவே தோன்றும். பெட்டியின் முகப்பில் எரியும் நான்கு சிறு விளக்குகளும், கைப்பேசியில் தோன்றும் ‘70 விழுக்காடு’ என்னும் எண்ணும் கண்டு சொன்னவை அல்ல, கருதிச் சொன்னவை. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்பது போன்ற கருதலளவையே அது. கருதல் பிழைபடுதலும் உண்டு என்பது அளவை நூல் பயின்றோர் அறிந்ததே. அப்பிழை எங்கே நேர்கிறது, அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பெட்டாலிங் ஜெயாவில் எழுந்த கேள்வி

கோலாலம்பூரின் நெரிசலைத் தணித்தற்பொருட்டு 1950களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட புறநகர் பெட்டாலிங் ஜெயா. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அது மாநகர் என்னும் தகுதி பெற்றது. வரிசை வரிசையாக அமைந்த அதன் மாடி வீடுகளின் கூரைகளில் இன்று சூரியத் தகடுகள் பல காணப்படுகின்றன. நிலநடுக்கோட்டிற்கு மூன்று பாகை வடக்கே உள்ள இவ்வூரில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறத்தாழ 12 மணி நேரமே. வெயில் மிக்க ஊர்தான். ஆயினும் பிற்பகலில் இடியுடன் மழை இறங்கும் ஊரும் ஆகும். அதனால் ஒரு நாளின் வரவு மறுநாளின் வரவுபோல் இராது.

தொடக்கத்தில் இவ்வீடுகளுக்கு மின்கலம் தேவைப்படவில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய திட்டத்தின்கீழ், கூரையில் விளைந்த மின்சாரத்தை மின் வாரியம் விலைக்கு வாங்கிக்கொண்டது. 2016 நவம்பரில் ‘நெம்’ எனப்படும் நிகர அளவீட்டு முறை வந்தது. 2021இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், வீட்டார் வெளியே அனுப்பிய ஒரு யூனிட்டிற்கு ஈடாக ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. பகலில் அனுப்பி இரவில் பெறுதலால், நாட்டின் மின்கம்பியே அவ்வீடுகளுக்குச் சேமிப்புக் கிடங்காய் விளங்கியது எனலாம். அந்தப் பதிப்பு 2025 ஜூன் 30ஆம் நாளோடு புதிய விண்ணப்பங்களுக்கு முடிவுற்றது. 2026 ஜனவரி முதல் ‘சோலார் அட்டாப்’ என்னும் வேறு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே 2025 ஜூலை முதல் நாள் மின் கட்டண முறையும் மாறியது. நேரத்திற்கேற்ற கட்டணத்தைத் தாமே தேர்ந்துகொண்ட வீட்டாருக்கு, வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை மிகுதி. மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் விலை குறைவு. இவ்வூரில் கதிரவன் மறைவது மாலை 7 மணியை ஒட்டி அல்லது 7.30 மணிக்குள். எனவே கதிர் மறைந்த பின்னும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் விலை மிகுந்த பொழுதாகவே உள்ளது. சமையலும் விளக்கும் குளிரூட்டியும் ஒருங்கே இயங்கும் பொழுதும் அதுவே. அம்மூன்று மணி நேரத்தைப் பகற்சேமிப்பால் கடத்தலாம் என்பதே மின்கலத்தை நாடுவோரின் கருத்து.

மற்றொரு காரணமும் உண்டு. மின்கலம் இல்லாத கூரை அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்ப்போர் மீது மின்சாரம் பாயாதிருத்தற்பொருட்டே அங்ஙனம் அமைத்துள்ளனர். வெயில் காய்ந்துகொண்டிருக்கையிலேயே வீட்டில் மின்சாரம் இல்லாமற் போவதன் காரணம் இதுவே. மின்தடையின் போதும் விளக்கெரிய வேண்டுமாயின் மின்கலமும் அதற்குரிய மாற்றியும் வேண்டும். குளிர்பெட்டியில் இன்சுலின் மருந்து வைத்திருப்போர்க்கும், மூச்சுக்கருவியை நம்பி உறங்குவோர்க்கும் இது வசதி பற்றிய செய்தி அன்று. உயிர் பற்றிய செய்தி. ‘இன்னும் எவ்வளவு இருக்கிறது?’ என்னும் கேள்விக்கு வரும் விடை பிழையானால், நள்ளிரவில் அதன் விளைவு தெரியும்.

அழுத்தம் வேறு, இருப்பு வேறு

பிழைகளுள் தலையாயது, மின்னழுத்தத்தை இருப்பு என்று கொள்வது. வோல்ட்டுமானி காட்டுவது அழுத்தம். அது மின்சாரம் எவ்வளவு உந்துதலோடு வெளிவருகிறது என்பதைக் கூறும். எத்தனை ஆம்பியர்-மணி உள்ளே உளது என்பது இருப்பு. அது எவ்வளவு நேரம் வெளிவரும் என்பதைக் கூறும். கூரைமேல் உள்ள நீர்த்தொட்டியை எடுத்துக்கொள்க. குழாயில் நீர் பீறிடும் வேகம் தொட்டி நீரின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டியின் வடிவம் தெரிந்தாலன்றி, அவ்வுயரத்தைக் கொண்டு நீரின் அளவைச் சொல்ல முடியாது.

அன்றியும், குழாய் திறந்திருக்கும்போது வேகம் தளரும். மேலிருந்து நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மிகும். மின்கலத்தின் நிலையும் அத்தகையதே. 12 வோல்ட்டு ஈயக் கலம் மின்னேற்றம் பெறும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதனை நிறைவு என்று கொள்வது தவறு. அதே கலம், பாதி இருப்பு உள்ளபோதே, பெருஞ்சுமை ஒன்றை இயக்கினால் 12 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கும். அதனை வறுமை என்று கொள்வதும் தவறு. வரவும் செலவும் இன்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் காணும் அழுத்தமே இருப்பைப் பற்றி ஏதேனும் சொல்லவல்லது. அதனை ஓய்வழுத்தம் எனலாம்.

ஈயக் கலத்தின் சான்று

மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலங்களுள் மூத்தது ஈயக் கலம். பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859இல் அதனை ஆக்கினார். ஈயத் தகடுகள் கந்தக அமிலம் கலந்த நீரில் மூழ்கியிருப்பது அதன் அமைப்பு. மின்சாரம் செலவாகுந்தோறும் அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகிறது, நீர்மம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் பெறும்போது அமிலம் மீண்டும் நீரோடு கலக்கிறது. ஆதலின் நீர்மத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் கலத்தின் இருப்பை நன்கு கருதலாம். குதிரைத் தட்டிப் பார்ப்பதினும் இஃது உறுதியானது.

அளக்கும் கருவி திரவமானி. பொதுவாக நிறைந்த கலத்தில் அது 1.265 முதல் 1.280 வரை காட்டும். பாதி இருப்பில் 1.20ஐ ஒட்டி நிற்கும். முற்றும் இறங்கிய கலத்தில் 1.12ஐ ஒட்டும். வெப்ப நாடுகளுக்கென அமிலத்தைச் சற்று நீர்க்கச் செய்து நிரப்பிய கலங்களில் நிறைவுக்கே 1.240 அளவில் நிற்பதும் உண்டு. எனவே கலத்தோடு வந்த கையேட்டின் அளவைக் கொண்டே ஒப்பிடல் வேண்டும். 27 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கூட்டிக்கொள்ளவும் வேண்டும். மகிழுந்து நிறுத்துமிடத்தில் 37 பாகை வெப்பத்தில் இருக்கும் கலம் 1.230 காட்டினால், அதன் உண்மை அளவு 1.237 என்க.

திறவாத வகையாக அடைக்கப்பட்ட ஈயக் கலங்களில் திரவமானி புகாது. அங்கு ஓய்வழுத்தமே துணை. 12 வோல்ட்டுக் கலம் ஒன்றில் ஏறத்தாழ 12.7 வோல்ட்டு நிறைவையும், 12.2 பாதியையும், 11.9க்குக் கீழ்ப்பட்டது வறுமையையும் குறிக்கும். நிறைவுக்கும் வறுமைக்கும் இடையே 0.8 வோல்ட்டு வேறுபாடு உண்மையால், நல்ல மானி ஒன்று இருந்தால் இவ்வளவை நம்பலாம்.

ஈயக் கலத்தின் இருப்பறியாமைக்கு விலையும் உண்டு. தமிழகத்தில் 2008ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில், எண்ணற்ற வீடுகள் இன்வெர்ட்டரும் ஈயக் கலமும் வாங்கின. 2011-12ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், சிற்றூர் வீடுகளுக்கும் சூரிய விளக்குகளைக் கொண்டு சென்றது. இத்தகைய அமைப்புகளில் ஈயக் கலத்தைக் கெடுக்கும் பழக்கங்கள் இரண்டு: அடிவரை வடித்தல், வடித்ததை நாட்கணக்கில் நிரப்பாது விடுதல். அப்போது தகட்டின்மேல் படிந்த ஈய சல்பேட்டு இறுகிவிடும். பின் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதும் கரைவதில்லை. பாதிக்குக் கீழ் இறங்கவிடாது காத்தால் பல்லாண்டு உழைக்கும் கலம், இங்ஙனம் விரைவில் மாண்டுபோகும்.

ஏரி போன்ற லித்தியக் கலம்

பெட்டாலிங் ஜெயாவில் இன்று வீடுகளுக்கு வருவன பெரும்பாலும் லித்திய இரும்புப் பாஸ்பேட்டுக் கலங்கள். இப்பொருளின் தன்மையை டெக்சசு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். லித்திய அயனிக் கலங்களின் ஆக்கத்திற்காக 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு குடினஃபுக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டது. நெடுநாள் உழைப்பதும், மற்ற லித்தியக் கலங்களினும் எளிதில் தீப்பற்றாமையும் இக்கலத்தின் சிறப்புகள். ஆனால் இருப்பறிதலில் இது ஈயக் கலத்தினும் கடினமானது.

கிணற்றையும் ஏரியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒடுங்கிய கிணற்றில் நூறு குடம் இறைத்தால் மட்டம் இறங்கியது தெரியும். பரந்த ஏரியில் நூறு குடம் எடுத்தால் கரையில் நின்று பார்ப்பவனுக்கு ஏதும் தெரியாது. லித்திய இரும்புப் பாஸ்பேட்டுக் கலத்தின் அழுத்தம் ஏரி மட்டத்தைப் போன்றது. இருப்பு 90 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறையும்போது, ஒரு கலத்தின் ஓய்வழுத்தம் ஏறத்தாழ 0.05 வோல்ட்டே இறங்குகிறது. வீட்டுப் பெட்டியில் இத்தகைய கலங்கள் 16 தொடராக இருக்கும். பெட்டியின் பெயரளவு அழுத்தம் 51.2 வோல்ட்டு. இவ்வளவு பெரிய இருப்பு மாற்றத்திற்கும் அதில் தோன்றும் இறக்கம் 0.8 வோல்ட்டளவே. 2,000 வாட்டு மின்கெண்டியை இயக்கினால், கம்பித் தடையாலும் உள்தடையாலும் அத்துணை இறக்கம் அந்நொடியே தோன்றவும் கூடும்.

அடிமட்டத்தில் நிலைமை வேறு. ஏரி வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் நீர் நிற்கும்போது சில குடங்களே மட்டத்தை வெகுவாக இறக்கிவிடும். இக்கலத்தின் அழுத்தமும் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் கீழ் திடீரெனச் சரியும். பெட்டியின் காப்புச் சுற்று தொடர்பை அறுத்துவிடும். அதுவரை ‘நன்றாக இருக்கிறது’ என்று அழுத்தம் சொல்லிக்கொண்டிருந்தமையால், வீட்டார்க்கு முன்னறிவிப்பு ஏதும் கிட்டாது. ஆதலின், 12 வோல்ட்டு ஈயக் கலத்திற்கு வகுத்த அழுத்த அட்டவணையை இங்குக் கொணர்ந்து பொருத்துவது ஏமாற்றத்தில் முடியும்.

வரவு செலவு ஏடு

தட்டிப் பார்த்தல் பயன்படாதபோது எஞ்சியது கணக்கு ஏடு. லித்தியப் பெட்டியில் உள்ள மேலாண்மைச் சுற்று இவ்வேட்டையே எழுதுகிறது. மின்னோட்டம் செல்லும் வழியில் மிகச் சிறு தடை ஒன்றை வைத்து, உட்புகும் ஓட்டத்தையும் வெளியேறும் ஓட்டத்தையும் நொடிதோறும் அளந்து கூட்டியும் கழித்தும் வருகிறது. ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் ஆம்பியர்-மணி; அதாவது 3,600 கூலும். 100 ஆம்பியர்-மணிப் பெட்டியில் 30 செலவானால் இருப்பு 70 எனச் சுற்று காட்டும்.

இம்முறை தெளிவானது, ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. ஏட்டில் ஒரு நாள் நேரும் சிறு பிழை மறுநாள் தானே திருந்துவதில்லை. முன்னைய பிழையோடு சேர்கிறது. அளக்கும் உறுப்பு 0.1 ஆம்பியர் மட்டுமே தவறிக் காட்டுவதாகக் கொள்க. ஒரு நாளில் அது 2.4 ஆம்பியர்-மணி ஆகும். பத்து நாளில் 24. 100 ஆம்பியர்-மணிப் பெட்டியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏட்டில் மட்டும் இருந்து குதிரில் இல்லாமற் போகும். மாற்றி தன் இயக்கத்திற்கென இரவெல்லாம் இழுக்கும் சிறு ஓட்டம், உறுப்பின் நுண்மைக்கு எட்டாது போனால், இப்பிழை இன்னும் வளரும்.

பிழையைத் துடைப்பதற்கு உரிய நேரம் கலம் முற்றும் நிறையும் நேரமே. ஏரி நிறைந்து கலிங்கு வழியே நீர் வழியத் தொடங்கினால், அளவில் ஐயத்திற்கு இடமில்லை அன்றோ? அதுபோலவே கலத்தின் அழுத்தம் நிறைவெல்லையைத் தொட்டு, உட்புகும் ஓட்டம் தானே சுருங்கும் நிலையில், சுற்று பழைய ஏட்டைத் தள்ளிவிட்டு ‘100’ எனப் புதிதாகத் தொடங்குகிறது. எனவே நிறைவைத் தொடாத கலத்தின் எண்ணை நாள் செல்லச் செல்லக் குறைவாகவே நம்பல் வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் திங்கள்களில் பிற்பகல் மழை மிகும். அப்போது சிறிய தகடுகளை உடைய வீட்டின் கலம் வாரக்கணக்கில் நிறையாதிருத்தல் கூடும். ‘இப்பெட்டி பழுதாகிவிட்டது; 40 என்று காட்டிய சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது’ என்ற குறை அத்தகைய நாள்களில் எழுவதில் வியப்பில்லை. பெட்டி பழுதுபடாமல், ஏடு மட்டும் பிழைபட்டிருக்கலாம். மருந்து எளியது. கையேடு கூறும் கால அளவில், அது கூறாவிடின் இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறையேனும், கலத்தை முற்றும் நிறைத்தல் வேண்டும். வெயில் போதாவிடில், விலை குறைந்த வார இறுதியில் தெரு மின்சாரத்தால் நிறைக்கலாம். அதற்கு இடமளிக்கும் மாற்றிகள் உள்ளன.

வீட்டார் செய்யத்தக்க சோதனை

எண் உண்மை பேசுகிறதா என்று அறியக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். 51.2 வோல்ட்டு, 100 ஆம்பியர்-மணிப் பெட்டியின் கொள்ளளவு 5,120 வாட்டு-மணி, அதாவது ஏறத்தாழ 5.1 யூனிட். நிறைந்த நாளின் மாலையில் எண்ணைக் குறித்துக்கொள்க. 95 என வைத்துக்கொள்வோம். தெரு மின்சாரத்தை நாடாது, அளவு தெரிந்த விளக்குகளையும் விசிறிகளையும் மொத்தம் 300 வாட்டு அளவில் நான்கு மணி நேரம் இயக்குக. செலவு 1,200 வாட்டு-மணி. மாற்றி தனக்கென எடுத்துக்கொள்வது 50 வாட்டு ஆயின், அதற்கு 200. ஆக 1,400, இது கொள்ளளவில் 27 விழுக்காடு. எண் 68ஐ ஒட்டி நின்றால் ஏடு நேரியது. 85இல் நின்றால் செலவு முழுவதும் பதிவாகவில்லை என்பது பொருள். 45க்கு இறங்கினால், ஏடு தவறியிருக்கலாம். அன்றிக் கலம் சுருங்கியிருக்கலாம்.

கலம் சுருங்குதல் என்பது யாதெனின், ஆண்டு செல்லச் செல்லக் கொள்ளளவு குறைதலாம். பத்தாண்டு முடிவில் 60 அல்லது 70 விழுக்காட்டுக் கொள்ளளவு எஞ்சும் என்பதே விற்போர் பலர் தரும் உறுதிமொழி. அன்றும் காலை வெயிலில் பெட்டி ‘100’ என்றே காட்டும். அந்த நூறு, புதிய மரக்காலின் நூறு அன்று. தேய்ந்த மரக்காலின் நூறு. விழுக்காடு என்பது பங்கைக் கூறுமேயன்றி அளவைக் கூறாது. ஆண்டுக்கு ஒருமுறை மேற்கூறிய சோதனையைச் செய்து எழுதி வைத்தால், மரக்கால் எவ்வளவு தேய்ந்தது என்பது கையெழுத்தாகவே நிற்கும்.

சோதனையிலும் எல்லை உண்டு. லித்தியப் பெட்டியைத் திறந்து கலங்களைத் தொட்டுப் பார்த்தல் வீட்டார் வேலையன்று. ஈயக் கலத்தின் மூடியைத் திறப்போர் கையுறையும் கண்கண்ணாடியும் அணிதல் வேண்டும். குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையன்றி வேறெதையும் ஊற்றலாகாது. மருந்தையோ மூச்சுக்கருவியையோ கலத்தை நம்பி வைத்திருக்கும் வீட்டில், எண் எத்துணை நம்பத்தக்கதாயினும், 30 விழுக்காட்டைத் தொடாத இருப்பாக ஒதுக்கிவைப்பது அறிவுடைமை. அந்த ஒதுக்கீடு ஏட்டின் பிழையையும் தாங்கும்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்க்கு இங்கு ஒரு வேலை உண்டு. ‘மின்னேற்றம்’ என்னும் ஒரே சொல்லால், மின்சாரத்தை ஏற்றும் செயலையும் ஏறி நிற்கும் அளவையும் குறிக்கும் வழக்கம் பரவியுள்ளது. ‘கரண்டு எவ்வளவு இருக்கிறது?’ என்று மக்கள் கேட்கும்போது அழுத்தம், ஓட்டம், இருப்பு மூன்றும் ஒரு சொல்லில் மயங்குகின்றன. செயலுக்கு மின்னேற்றம், உந்துதலுக்கு மின்னழுத்தம், பாய்ச்சலுக்கு மின்னோட்டம், உள்ள அளவுக்கு மின்னிருப்பு, கொள்ளும் அளவுக்குக் கொள்ளளவு என ஐந்தையும் பிரித்து வழங்கினால் பாதி மயக்கம் தீரும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் உலர் மின்கலமும் மின்சுற்றும் இடம்பெறுகின்றன. அவ்வகுப்பிலேயே, புதிய உலர்கலம் ஒன்றையும் பழைய உலர்கலம் ஒன்றையும் வோல்ட்டுமானியில் காட்டி, பின் இரண்டிலும் விளக்கை எரியவிட்டு மீண்டும் காட்டலாம். ஓய்வில் சிறிதே வேறுபட்ட இரு கலங்கள், சுமை ஏறியதும் வெகுவாக வேறுபடுவதை மாணவர் காண்பர். அழுத்தம் ஒன்று, இருப்பு மற்றொன்று என்பதை அதன்பின் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை ஆசிரியர்க்குப் பெரிதும் இராது.